செவ்வந்திக்குக் கை தட்டினார்கள்

எடை கூடுவது என்று ஒரு சங்கடம் உலகத்தில் இருக்கிறது என்பதே புங்கங்கொல்லைக்காரர்களுக்கு அந்த ஐப்பசி மாதம்தான் தெரிந்தது. அதற்கு முன் அவர்களுக்கு இருந்த சங்கடங்கள் வேறு. பேருந்து வராது. மழை வந்தால் பாதை போய்விடும். காட்டுப்பன்றி வந்தால் விளைச்சல் போய்விடும். எடை என்பது புளிக்கும் சாமைக்கும் உள்ளது, அது மனிதருக்கும் உண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் தானாகக் கூடிவிடும், கூடினால் மேலே இருப்பவர்கள் கவலைப்படுவார்கள் என்றெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

கவலைப்பட்டது மாவட்ட உடற்தகுதி இயக்ககம். அதன் இணை இயக்குநர் தனசேகரன். போன வருஷப் பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகத்துக்குக் கிளம்பிய அன்று அவருடைய பேன்ட்டின் கொக்கி மாட்டவில்லை. உங்களுக்கும் எனக்கும் கொக்கி மாட்டாவிட்டால் தையல்காரரிடம் போவோம். இணை இயக்குநர் என்றால் திட்டம் போடுவார். போட்டார். 'பண்டிகைக்கால எடைக் கட்டுப்பாட்டு இயக்கம்' என்று அதற்குப் பெயர். தீபாவளிக்கு முன் ஓர் எடை, கார்த்திகையில் ஓர் எடை, காணும் பொங்கலுக்கு மறுநாள் ஓர் எடை. மூன்றாவது எடை முதலாவதைத் தாண்டக் கூடாது. மாவட்டத்தில் ஓர் ஆள் விடாமல் எல்லாருக்கும் இது பொருந்தும். 'ஏற்கெனவே மெலிந்தவர்கள் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டாராம். "அப்படிப் போட்டா எல்லாரும் நான்தான் மெலிஞ்சவன்னு வந்து நிப்பாங்க" என்றாராம் தனசேகரன். கேட்டவர் அதன்பிறகு தட்டிலிருந்த பக்கோடாவுக்கு மட்டுமே வாயைத் திறந்தார்.

ஜவ்வாது மலையும் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது என்பதால் ஆணை மலையேறியது. புதூர்நாட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு மேல் ஜீப் முனகிக்கொண்டேதான் வரும். அதில் ஒரு எடைக் கருவி, ஒரு டேப்லட், இரண்டு கட்டுத் துண்டுப் பிரசுரம், ஒப்பந்தக் களப்பணியாளர் கலைவாணி ஆகியவை வந்து இறங்கின. கலைவாணிக்கு இருபத்தாறு வயது. வளைவுகளில் வந்த தலைச்சுற்றல் தெளியாமலே புளியமரத்தடியில் கருவியை வைத்துவிட்டு, "ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்றாள்.

யாரும் ஏறவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற காசி என்பவனை நீங்கள் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் வரும். மேலேறி வருகிற எந்தத் தராசும் புங்கங்கொல்லையில் உண்மை பேசியதில்லை. ஒடுகத்தூரிலிருந்து புளிக்கும் சாமைக்கும் வருகிற வியாபாரி சக்கரவர்த்தியின் தராசு பத்துக் கிலோவை எட்டு என்று சொல்லும். தேன் வாங்க வருகிறவருடையது இன்னும் துணிச்சலான தராசு. ஊரில் இதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. குறைத்துச் சொல்வது தராசின் குணம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் கைதான் கணக்கு. மூட்டையை இரண்டு கையாலும் ஒரு தரம் தூக்கி இறக்கினால் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். காசி அதில் பலே ஆள், அரைக் கிலோகூடத் தவறமாட்டான். பிறகு தராசு ஓர் எண்ணைச் சொல்லும். அதோடு கால் பங்கைக் கூட்டி மனசுக்குள் வைத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே கருவியைப் பார்த்ததும் காசி நியாயமாகத்தான் கேட்டான்.

"எங்களயும் வாங்கறாங்களாம்மா?"

"எடை பாக்கறதுக்குண்ணா. ஆரோக்கியத்துக்கு."

"பாத்துட்டு?"

"எழுதிக்குவோம்."

"எழுதிக்கினு?"

அதற்கு மேல் கலைவாணிக்கும் தெரியாது. பயிற்சி வகுப்பை அந்த இடத்தில்தான் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள்.

காசிக்கு நாற்பது வயது. அவன் மனைவி செவ்வந்திக்கு முப்பத்தாறு. பிள்ளை இல்லை. அதைப் பற்றி முதல் பத்து வருஷம் பேசினார்கள், அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். விட்டபிறகு ஒருவரை ஒருவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் சாப்பிடாமல் இன்னொருவர் தட்டில் கை வைக்கமாட்டார். ஊரில் இதை வைத்துக் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

யாராவது ஏறினால்தானே இந்தப் பெண் பொழுதோடு வீடு போய்ச் சேருவாள் என்று நினைத்துச் செவ்வந்தி முதலில் ஏறினாள். நாற்பத்து நான்கு. காசி மனசுக்குள் கால் பங்கு கூட்டி ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொண்டான். ஐம்பத்தைந்து நல்ல எடை. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. அவள் ஏறியதைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

பிறகு கலைவாணி பிரசுரத்தை உரக்கப் படித்தாள். லிஃப்டைத் தவிர்த்து மாடிப்படியில் ஏறவும். காரைச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லவும். விருந்துகளில் இனிப்பு மேசைக்கு முதுகைக் காட்டி நிற்கவும். அரிசியைக் குறைத்துச் சாமை, தினை போன்ற சிறுதானியங்களை உண்ணவும்.

"சாமையா?" என்றாள் செவ்வந்தி. "அத்ததான் போன வாரம் சக்கரவர்த்தி ஏத்திக்கினு போனாரு. அவ்ளோ அவசரப்பட்டாரே, இதுக்குத்தானா."

ஊரில் அப்போது எல்லார் வீட்டு உலையிலும் ரேஷன் அரிசிதான் கொதித்துக்கொண்டிருந்தது.

"தெனமும் பத்தாயிரம் அடி நடக்கணும்" என்றாள் கலைவாணி.

"தண்ணிக்குப் போறது, வெறகுக்குப் போறது எல்லாம் இதுல சேருமாம்மா?"

"அது வேலைங்க. இது உடற்பயிற்சி. கைய நல்லா வீசி நடக்கணும்."

"கொடத்த வெச்சுக்கினு கைய எப்பிடி வீசறது?"

கலைவாணி பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தனசேகரனின் புகைப்படம் மட்டும் இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள். கடந்த பொங்கலில் உண்ட கொழுப்பு உணவு என்ன?

"ஒரு ஆடு அடிப்போம். முப்பத்தி நாலு வூடு" என்றாள் செவ்வந்தி. டேப்லட்டில் உணவின் பெயருக்கும் அளவுக்கும்தான் கட்டம் இருந்தது, வீடுகளுக்கு இல்லை. 'செவ்வந்தி, ஆட்டிறைச்சி, ஒரு முழு ஆடு' என்று பதிவானது. அபாயப் பிரிவு என்று சிவப்பு விளக்கு ஒன்று திரையில் எரிந்தது.

கார்த்திகையில் இரண்டாவது எடைக்குத் தனசேகரனே வந்தார். ஜீப்பில் முன் இருக்கை முழுக்க அவர் இருந்தார். புகைப்படக்காரர் பின்னால் டயரின் மேல் உட்கார்ந்து வந்தார். புங்கங்கொல்லையில் பெரும்பாலானவர்களுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ கூடியிருந்தது. கொல்லையில் அவரைக்காய் தொடங்கிவிட்டிருந்தது, காரணம் அதுதான். ஒவ்வொருவரும் இறங்கும்போது தனசேகரன் உச்சுக் கொட்டி, தலையை ஆட்டினார். திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஒதுங்கி நின்றார்கள் பாவம்.

செவ்வந்தி ஏறினாள். முப்பத்தொன்பது.

"அஞ்சு கிலோ சார்" என்றாள் கலைவாணி.

தனசேகரன் எழுந்து நின்று கை தட்டினார். அவர் தட்டியதால் புகைப்படக்காரர் தட்டினார். டிரைவர் தட்டினார். என்னவோ நல்லது நடந்திருக்கிறது என்று ஊரும் தட்டியது. காசியும் தட்டினான். செவ்வந்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்காக அத்தனை பேர் கை தட்டியதில்லை.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்று தனசேகரன் பேச்சைத் தொடங்கினார். "எனக்கும் நாக்கு இருக்கு. நேத்து ஒரு கல்யாண ரிசப்ஷன். மட்டன் பிரியாணி. ஒரே ஒரு பிளேட்டோட எந்திரிச்சுட்டேன். இன்னொரு பிளேட் வெச்சாங்க. தொடவே இல்ல, பார்சல் பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். இதுதான் கட்டுப்பாடு. இந்த அம்மாவப் பாருங்க. ஒரு முழு ஆடு சாப்பிட்டவங்க. இன்னைக்கு எப்படி நிக்கிறாங்க. எப்படிம்மா சாதிச்சீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

"பசிக்கலீங்க" என்றாள் செவ்வந்தி.

"கேட்டுக்கங்க. பசியையே ஜெயிச்சிருக்காங்க."

"சாயங்காலமானா காய்ச்ச வருதுங்க. இருமறேன். ராவுல தலைகாணி நனையற மாதிரி வேர்க்குது."

"வேர்க்குதா?" தனசேகரன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கொழுப்பு கரையுது. தூங்கறப்போகூட கரையுது."

இருமலைப் பற்றி கலைவாணி டேப்லட்டில் தேடிப் பார்த்தாள். இருமலுக்குக் கட்டம் இல்லை. "சார், இருமல் இருக்குதுன்னு சொல்றாங்க" என்றாள் மெல்ல.

"இருமல் வேற துறைம்மா. நாம போய் அடுத்தவங்க துறைல தலையிட்டா நல்லா இருக்காது."

அன்று இரவு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காசி கணக்குப் போட்டான். முப்பத்தொன்பதோடு கால் பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ நாற்பத்தொன்பது. போன தபா ஐம்பத்தைந்து. "அந்தத் தராசு இன்னும் மோசமாயிடுச்சு புள்ள" என்றான். மற்றவர்களுக்கெல்லாம் கூட்டித்தானே காட்டியது என்று செவ்வந்தி கேட்டாள். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. சக்கரவர்த்தியின் தராசுகூட ஆளைப் பார்த்துத்தான் குறைக்கும். சண்டைக்காரனுக்குக் கொஞ்சமாக, சாதுவுக்கு அதிகமாக. செவ்வந்தி சாது. அதனால் அவளிடம் அஞ்சு கிலோ அடித்துவிட்டது. செவ்வந்தி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. இரண்டு கவளத்தோடு போதும் என்றாள். அவனும் இரண்டு கவளத்தோடு எழுந்துகொண்டான்.

அவளுடைய ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்ததை அவன் பார்த்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை. தராசு பொய் சொல்கிறது என்று நாற்பது வருஷமாக நம்பியவனுக்கு, கண் காட்டுவதும் தராசு காட்டுகிற பொய் மாதிரிதான் என்று தோன்றியிருக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு அவன்மேலும் கோபம்தான். ஆனால் கை தட்டியவர்கள் படித்தவர்கள்.

மார்கழி தொடங்கி ஒரு வாரம். ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து வரப் போன செவ்வந்தி திரும்பவில்லை. காசி தேடிப் போனபோது ஏற்றத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். குடம் பக்கத்தில் இருந்தது. "எந்திரிக்க வரல மாமா" என்றாள்.

காசி ஒரு கையை அவள் முதுகிலும் இன்னொரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தான். மூட்டை தூக்குகிற பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினான். அவ்வளவு மூச்சு தேவைப்படவில்லை. அவள் சட்டென்று மேலே வந்துவிட்டாள். முப்பத்தைந்து என்றது கை. அவன் அவளை இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினான். முப்பத்தைந்துதான். கூட்டிக்கொள்ள அதில் கால் பங்கு எதுவும் இல்லை. அந்தத் தராசு அவளிடம் ஒரு கிராமும் அடிக்கவில்லை, இரண்டு தரமும் உள்ளதைத்தான் சொன்னது என்பது அந்த ஏற்றத்தில் நின்றபடிதான் அவனுக்குப் புரிந்தது.

"ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"இன்னாத்த சொல்றது மாமா. அவ்ளோ பேரு கை தட்டினாங்க. நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கினேன்."

வீடு வரைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டே வந்தான். வழியெல்லாம் அழுதான்.

மறுநாள் விடியுமுன்னே கிளம்பி நடந்து, புதூர்நாட்டில் பேருந்து பிடித்து, அடிவாரத்தில் இருந்த இயக்கத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனான். மலைக்கு ஜீப் அனுப்புகிறவர்கள் அவனுக்குத் தெரிந்து அவர்கள்தான். கண்காணிப்பாளர் ரேணுகாதேவி அவனை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நல்ல பெண்மணி. அதனால்தான் விஷயம் இன்னும் மோசமாகப் போனது.

"எம் பொண்டாட்டி எளச்சுக்கினே போறாம்மா. சோறு எறங்கல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். வண்டி வேணும்."

"புகாரா குடுக்கறீங்களா?"

"குடுக்கறேங்க."

ரேணுகாதேவி இழுப்பறையைத் திறந்து தேடினார். "எடை கூடுச்சுன்னா படிவம் ஒண்ணு. கூடினது குறையலன்னா படிவம் ரெண்டு. குறைஞ்சதுக்குப் புகார் படிவம் போடலையேப்பா. நன்றி தெரிவிக்கிற படிவம்தான் இருக்குது. பரவாயில்ல, அதுலயே எழுதிடலாம். எதுலயாவது பதிவாகணும், அதுதான் முக்கியம்."

அவன் சொல்லச் சொல்ல அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். படிவத்தின் நடைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டார். 'எனது மனைவி உணவைக் குறைத்து நன்கு மெலிந்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கு வாகனம் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' காசிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். போட்டான். மூன்று நாளில் வண்டி வரும் என்றார் ரேணுகாதேவி. அவன் அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

சொன்னபடியே மூன்றாம் நாள் வண்டி வந்தது. செவ்வந்தியைக் குளிப்பாட்டி, நல்ல புடவை கட்டி, வாசலில் உட்கார வைத்திருந்தான் காசி. ஜீப்பிலிருந்து இறங்கிய புகைப்படக்காரர், "அட, ரெடியாவே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்துவிட்டார். மாவட்டம் முழுக்க ஒட்டும் சுவரொட்டிக்குச் செவ்வந்தியின் படம் வேண்டும். 'பின்' என்ற இடத்துக்கு அவள். மெலிவதற்கு 'முன்' என்ற இடத்துக்கு அவளுடைய பழைய படம் இல்லாததால் கணினியிலிருந்து யாரோ ஒரு பருத்த அம்மாளின் படத்தை எடுத்துவிட்டார்களாம். முகம் தெரியாத மாதிரி திரும்பி நிற்கிற படம், யாருக்கும் சந்தேகம் வராது என்றார் அவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி இல்லியா இது?" என்றான் காசி.

"பேனர் வண்டிங்க. பின்னாடி பாருங்க, பேனர் ஸ்டாண்டு. கால் வைக்க எடமில்ல."

ஜீப்பில் கூடவே வந்திருந்த கலைவாணி செவ்வந்தியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைச் சுற்றி அவளுடைய விரல்கள் இரண்டு சுற்று வரும் போலிருந்தது. அவள் எழுந்துபோய் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டாள். புகைப்படக்காரர் என்னவோ சொன்னார். "மெமோ குடுக்கட்டும்" என்றாள் அவள். பிறகு காசியைப் பார்த்து, "தூக்கிட்டு வாங்கண்ணா" என்றாள். மெமோ மறுநாளே கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். முப்பத்து மூன்று. கை சொன்னதிலிருந்து நாலே நாளில் இன்னும் இரண்டு போயிருந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காச நோய், இரண்டு பக்க நுரையீரலையும் அரித்திருக்கிறது என்று சொன்ன பெண் மருத்துவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எடை குறைய ஆரம்பிச்சிருக்குமே. யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சாங்கம்மா" என்றான் காசி. "கை தட்டினாங்க."

மருத்துவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் மருந்துச் சீட்டை எழுதினார்.

மாத்திரை, ஊசி, காலையில் பால், மத்தியானம் முட்டை. செவ்வந்தி முட்டையைப் பாதி தின்றுவிட்டு மீதியை அவனிடம் நீட்டுவாள். அவன் வாங்கமாட்டான். அவள் முழுதாகத் தின்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பான். இரண்டாவது வாரக் கடைசியில் மறுபடி எடை பார்த்தார்கள். முப்பத்து நான்கு. நர்ஸ் எண்ணைச் சொன்னதும் காசி, "இன்னொரு தபா பாருங்கம்மா" என்றான். இன்னொரு தபாவும் முப்பத்து நான்குதான். அவன் வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். ஒரு கிலோ ஏறிட்டா. ஒரு கிலோ. தேநீர்க் கடைக்காரரிடமும் சொன்னான். பல வருஷமாக அவனை யாரும் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

மாவட்டத்தில் எந்தக் கணினியில் எடையை ஏற்றினாலும் இயக்ககத்தின் கணினிக்கும் அது தெரிந்துவிடும். இருமலும் காய்ச்சலும்தான் தெரியாது. மறுநாளே காசியின் கைப்பேசிக்குத் தனசேகரன் பேசினார்.

"என்னப்பா காசி, எடை ஏறியிருக்கே?"

"ஆமாங்கய்யா" என்றான் காசி. வாழ்த்துவதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அவன் நினைத்தான். "ஒரு கிலோ ஏறிட்டாங்கய்யா."

"சந்தோஷமா சொல்றியே. போஸ்டர் அடிச்சாச்சு. மூவாயிரம் போஸ்டர். பொங்கல் இன்னும் முடியல, அதுக்குள்ள கட்டுப்பாட்ட விட்டுட்டா எப்படி? என்ன குடுக்கறாங்க அங்க?"

"முட்டைங்க. பாலு."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கச் சொல்லு. மூணாவது எடை வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும். இயக்கத்தோட பரிசு அவங்களுக்குத்தான், மேடைல அத வாங்கினப்புறம் எவ்வளவு வேணாலும் சாப்பிடட்டும், நான் கேக்கமாட்டேன்."

"டாக்டரம்மா சொல்லித்தாங்க தராங்க."

"அவங்களுக்கென்னப்பா, வேற துறை."

காசி கைப்பேசியை அணைத்துவிட்டு உள்ளே போய், அன்றைய முட்டையை உரித்துக் கொடுத்தான். போன் யார் என்று செவ்வந்தி கேட்டாள். சக்கரவர்த்தி, புளி எப்போ உலுக்குவீங்கன்னு கேக்கறாரு என்றான்.

அந்த ஒரு கிலோவுக்கு மேல் ஏறவில்லை. போகிக்கு மூன்று நாள் முன்னால் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றாள். மருத்துவர் காசியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "மருந்து ரொம்பத் தாமதமா ஆரம்பிச்சிருக்கோம். உடம்புல தாங்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா நான் இப்படிப் பேசமாட்டேன். அவங்க ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்க." ஒரு மாசம் முன்னாடி என்பதைக் காசி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கை தட்டிய நாள் அதற்கும் முன்னால் இருந்தது.

பொங்கலுக்கு ஊரில் ஆடு அடித்தார்கள். காசியின் பங்கோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கிலிருந்து எலும்பு கொடுத்தார்கள், சாறு வைக்க. அவனே வைத்தான். செவ்வந்தி இரண்டு கரண்டி குடித்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை.

"நீ சாப்டு மாமா."

"நீ குடி. அப்புறம் நான்."

"இனிமே அப்பிடி வாணாம். நான் சாப்டலன்னு நீயும் கெடந்துடாத. நான் இல்லாட்டியும் வேளைக்குச் சாப்டணும். எம்மேல சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் பண்ணவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். விழுங்க முடியாமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான்.

காணும் பொங்கல் கழிந்த விடியற்காலையில் செவ்வந்தி இறந்துபோனாள்.

பத்து மணிக்குக் கலைவாணி மூன்றாவது எடைக்கு வந்தாள். பெண்கள் அழுகிற சத்தம் வளைவிலேயே கேட்டது. எடைக் கருவியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். டேப்லட் தோளில் மாட்டியபடியே இருந்தது. உள்ளே போய்ச் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தாள். தனசேகரனின் குரல் வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடணும். செவ்வந்தி எடை மொதல்ல வரணும். மேடை போட்டாச்சும்மா."

"சார், அவங்க இறந்துட்டாங்க."



"அடடா. எப்போ?"

"இன்னைக்கு விடிகாலைல சார்."

"விடிகாலையா. அப்போ காணும் பொங்கல் முடிஞ்சுதான். நம்ம இயக்கக் காலத்துக்குள்ள வரல, அந்த மட்டும் நல்லது. என்ட்ரி மட்டும் போட்டுடும்மா. ஒருத்தர் காலியா இருந்தாலும் மாவட்டமே மூடாது."

கலைவாணி டேப்லட்டைத் திறந்தாள். செவ்வந்தி, கணவர் பெயர் காசி, மூன்றாவது எடை. கீழே மூன்று பொத்தான்கள். கூடியது. குறைந்தது. மாற்றமில்லை. நான்காவதாக ஒன்று இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை. அவளுக்குக் கண்ணை மறைத்தது.

காசி செவ்வந்தியின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தான். "இன்னாம்மா கேக்குது அது?"

"ஒண்ணுமில்லண்ணா."

"சொல்லும்மா. அவளப் பத்தித்தானே கேக்குது."

கலைவாணி மூன்றையும் படித்துக் காட்டினாள்.

"கூடுச்சுன்னு போடு" என்றான் காசி.

"அண்ணா, மொத எடை நாப்பத்தி நாலுண்ணா."

"தெரியும். முப்பத்தி மூணா இருந்தவ முப்பத்தி நாலு ஆனா. ரெண்டு தபா பாக்கச் சொல்லி என் கண்ணால பாத்தேன். முட்ட தின்னா, பாலு குடிச்சா. பொழைக்கணும்னு எவ்ளோ பாடுபட்டா தெரியுமா உனுக்கு? அந்த ஒரு கிலோ அவ சம்பாரிச்சதும்மா. கூடுச்சுன்னு போடு. அந்தப் பரிசு வாணாம் எங்களுக்கு."

கலைவாணி 'கூடியது' என்பதை அழுத்தினாள். தவறியவர்கள் பட்டியலில் செவ்வந்தியின் பெயர் ஏறியது. பிறகு அவள் டேப்லட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், செவ்வந்தியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.